ஓனருக்கு விற்கிற நாள், ரசிகனுக்குச் சனிக்கிழமை

வழக்கமாக வீட்டுக் கடன், நகைக்கடன் ஏலம், வாரிசுச் சான்று என்று கேட்கிற பகுதி இது. போன இதழில் கடனைப் பற்றிய ஒரு பதிலில், உதாரணத்துக்காக மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அதன்பிறகு தபால்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். 31 வருடம் வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவனுக்கு இத்தனை கால்பந்து ரசிகர்கள் வாசகர்களாக இருப்பது தெரியாமல் போயிற்று. சரி, இந்த இதழ் முழுக்கக் கால்பந்துதான். நகைக்கடன்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் பிளஸ் டூ. மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் சாப்பிட மாட்டான். ‘கிளேஸர் குடும்பம் கிளப்பைக் கொள்ளையடிக்கிறது’ என்கிறான். காசு போட்டு வாங்கியவர்கள் லாபம் எடுத்தால் அது எப்படிக் கொள்ளையாகும்?
– எஸ்.கே., தூத்துக்குடி

‘காசு போட்டு’ என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். யாருடைய காசு?

2005-ல் அமெரிக்காவின் மால்கம் கிளேஸர் அந்தக் கிளப்பை வாங்கியபோது மொத்த விலை சுமார் 79 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி கடன். கடன் வாங்குவது பாவமில்லை. நான் சோறு தின்றதே அதனால்தான். ஆனால் நீங்கள் வீட்டுக் கடன் கேட்டு வந்தால் வங்கி என்ன செய்யும்? மார்ஜின் பணத்தைக் கையிலிருந்து கட்டச் சொல்லும், வீட்டை அடமானமாக எடுத்துக்கொள்ளும், தவணையை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும். இங்கே அடமானம் கிளப், தவணை கட்டுவதும் கிளப். காலியாக இருக்கிற வீட்டை இப்படி வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. குடியிருப்பவர்களோடு வாங்கி, அவர்கள் வாடகையை ஏற்றித் தவணை கட்டினால் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் குடித்தனக்காரர்கள்தான் சீசன் டிக்கெட் வைத்திருக்கிற ரசிகர்கள். அதற்கு முன்பு அந்தக் கிளப்புக்குக் கடனே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடனில் ஒரு பகுதி எனக்கு இன்னும் வியப்பு. வட்டியைக் கட்ட வேண்டியதில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வட்டி விகிதம் 14.25 சதவீதம், 2010-ல் அது 16.25 ஆக ஏறியது. நம் ஊரில் இதற்கு வட்டிக்கு வட்டி என்று பெயர். இதைக் கொடுக்கிறவர் சைக்கிளில் வருவார், வாசலில் நின்று சத்தம் போடுவார். அங்கே கோட்டு சூட்டில் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2010 மார்ச்சில் மகள் வீட்டுக்கு, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தைக் காட்டக் கூட்டிப்போனார். உள்ளே போக டிக்கெட் இல்லை, வெளியே சுற்றினோம். வழியெல்லாம் பச்சையும் தங்க மஞ்சளுமாகக் கழுத்துத் துண்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். குளிருக்கு ஆகட்டும் என்று ஒன்று வாங்கிவிட்டு, “யுனைடெட் நிறம் சிவப்பு அல்லவா?” என்று விற்பவரைக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: 1878-ல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இந்தக் கிளப்பைத் தொடங்கியபோது இருந்த நிறம் இது, சிவப்புத் துண்டு வாங்கினால் காசு கிளேஸருக்குப் போகும், இதை வாங்கினால் எனக்கு வரும். அந்த ஜனவரியில்தான் கிளப் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டிருந்தது. அதற்கான விவர அறிக்கையைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஊரே பச்சையாகியிருக்கிறது. கடன் பத்திர அறிக்கையைப் படித்துவிட்டுத் தெருவுக்கு வந்த கூட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. படித்த வாடிக்கையாளர்களே கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் தேடுவார்கள்.

2012-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு ஷேர் 14 டாலருக்கு விற்றார்கள். வந்த பணத்தில் பாதி கிளப்பின் கடனுக்கு, மறுபாதி குடும்பத்துக்கு. பொதுமக்கள் ஷேருக்கு ஒரு ஓட்டு, குடும்பத்தின் ஷேருக்குப் பத்து ஓட்டு.

ஆனால் மகன் ‘ஒன்றுமே ஜெயிக்கவில்லை’ என்று சொன்னால் திருத்துங்கள். கிளேஸர் காலத்தில், மேனேஜராக (கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளர்) அலெக்ஸ் ஃபெர்குசன் இருந்தவரை, ஐந்து முறை இங்கிலாந்தின் லீக் பட்டம், 2008-ல் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் எல்லாம் வந்தன. கெட்டிக்கார மேனேஜர் இருக்கும் கிளையில் தலைமை அலுவலகத்தின் தப்பு வெளியே தெரியாது. 2013-ல் அவர் ஓய்வு பெற்றார், அப்புறம் எல்லாம் தெரிந்தது. 2024 மே மாதம் ஆர்சனலோடு ஆட்டம் முடிந்த கையோடு பெய்த மழையில் ஓல்ட் டிராஃபோர்டு கூரையிலிருந்து அருவி மாதிரித் தண்ணீர் கொட்டியதை உங்கள் மகன் நிச்சயம் பார்த்திருப்பான். அதே வருடம் பிப்ரவரியில் பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கு மேல் வாங்கினார். ஷேருக்கு 33 டாலர் கொடுத்தார். 2013-க்குப் பிறகு லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை, கூரை ஒழுகுகிறது, 14 டாலர் சரக்கு 33-க்குப் போகிறது. மகனைச் சாப்பிடச் சொல்லுங்கள். கோபம் நியாயமானதுதான்.

அணி ஜெயிக்காவிட்டால் ஓனருக்கும் நஷ்டம்தானே? அப்படியானால் இரண்டு பேருடைய ஆசையும் ஒன்றுதானே?
– ஆர்.வி., திருச்சி

நானும் வெகுநாள் இப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கிற கிளப்புக்கே ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் பங்குத்தொகை வருகிறது, பெரும்பாலும் டிவி பணம். ஆக, அந்த லீக்கில் இருப்பதுதான் சொத்து. அதில் மேலே நாலைந்து இடத்துக்குள் இருந்தால் சாம்பியன்ஸ் லீக் பணமும் சேரும். முதலிடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் ரசிகனுக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கணக்குப் புத்தகத்தில் அவ்வளவு இல்லை. நாலாவதிலிருந்து முதலுக்குப் போக ஆகும் செலவோ பயங்கரம், அதுவும் போட்டால் வரும் என்ற நிச்சயம் இல்லை. கடன் பிரிவில் இப்படி ஒரு திட்டம் வந்தால் நானே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

லண்டனின் டாட்டன்ஹாமைப் பாருங்கள். 2001-லிருந்து ஒரே நிறுவனத்தின் கையில். 2025 செப்டம்பர் வரை நிர்வாகத் தலைவராக இருந்த டேனியல் லெவி பேரம் பேசுவதில் கல்லுளிமங்கன். 2019-ல் புது மைதானம் திறந்தார்கள்: 62,000 இருக்கைக்கு மேல், நூறு கோடி பவுண்டு செலவு. புல்தரை நகர்ந்து போய் அமெரிக்கக் கால்பந்துக்குத் தனித் தரை வருகிறது, கோப்பையின் அடிப்பக்கத்திலிருந்து பீர் நிரம்புகிறது. அந்தக் கோப்பைதான் வந்தது, ரசிகர்கள் கேட்ட கோப்பை வரவில்லை. (மன்னிக்கவும், எழுதாமல் இருக்க முடியவில்லை.)

2021 ஏப்ரலில் லீக் கோப்பை (இது லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் போட்டி) இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மேனேஜர் மொரினியோவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்தபின் சமையல்காரரை மாற்றுவதுபோல. இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2025 மே மாதம் ஸ்பெயினின் பில்பாவ் நகரில், பின்னாளில் மேனேஜரான ஆஞ்ச் போஸ்டகோக்லு, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். 17 வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கோப்பை. தெருவெல்லாம் ஊர்வலம். கோப்பை வந்து 16 நாளில் அவரையும் அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் லீக்கில் 17-வது இடம். அந்த இடத்துக்கு அடுத்த மூன்று பேர் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறார்கள்.

நேர்மையாகச் சொன்னால், 17-வது இடத்தைப் பார்த்து முகம் சுளித்த ரசிகர்களும் உண்டு. ஆனால் கோப்பைக்காக அந்த 17-ஐ மன்னிக்க ரசிகனால் முடியும். பேரப்பிள்ளைக்குச் சொல்ல அவனுக்கு ஒரு பில்பாவ் இரவு கிடைத்துவிட்டது. ஓனர் அப்படி இல்லை. என்றைக்கோ ஒருநாள் அவர் விற்கப்போகிறார். அந்த நாளில் என்ன விலை போகும் என்பதுதான் அவர் மனதில் ஓடுகிற படம். ரசிகனுக்கு விற்கிற நாள் என்று ஒன்று கிடையாது. அவனுக்கு அடுத்த சனிக்கிழமை உண்டு, அதற்கடுத்த சனிக்கிழமை உண்டு.

அவ்வளவு கோபம் இருந்தால் ரசிகர்கள் வேறு கிளப்புக்கு மாறவேண்டியதுதானே?
– பி.என்., ஈரோடு

நீங்கள் மளிகைக் கடையை மாற்றியிருப்பீர்கள். குலதெய்வத்தை மாற்றியிருக்கிறீர்களா? ஓனர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் டிக்கெட் விலை ஏறுகிறது.

அமெரிக்க முதலாளிகள்தான் எல்லாவற்றுக்கும் காரணமா? லிவர்பூல் ஓனரும் அமெரிக்கர்தானே, அவர்கள் ஜெயிக்கிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவி, கோவை

சரியான கேள்வி, அம்மா. நாட்டைச் சொல்லித் திட்டுவது சோம்பேறித்தனம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர்களுடைய பெரிய லீக்குகளில் கீழே இறங்குவது என்பதே இல்லை. கடைசியில் வந்தால் தண்டனைக்குப் பதில், அடுத்த வருடம் நல்ல இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க முன்னுரிமை. அந்த நிம்மதியில் வளர்ந்த முதலாளிக்கு இங்கிலாந்தின் ஏணியைப் பார்த்தால் தலை சுற்றும்.

அதன் விளைவுதான் 2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள், அதில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள், தனியாக சூப்பர் லீக் தொடங்குகிறோம் என்று அறிவித்தன. தொடங்கியவர்கள் கீழே இறங்கவே மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். தோல்விக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை, அந்த ஆறில் ஒன்றான லண்டனின் செல்சி ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே தெருவை மறித்து, அணியின் பேருந்தை நகரவிடவில்லை. பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் கூட்டத்துக்குள் வந்து வழிவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அன்று இரவே ஆறு கிளப்புகளும் பின்வாங்கத் தொடங்கின. லிவர்பூல் ஓனர் ஜான் ஹென்றி மறுநாள் வீடியோவில் மன்னிப்புக் கேட்டார்.

அதே ஹென்றியின் நிறுவனம்தான் 2010-ல் 30 கோடி பவுண்டுக்கு லிவர்பூலை வாங்கி, 2019-ல் சாம்பியன்ஸ் லீக்கும், 2020-லும் 2025-லும் லீக் பட்டமும் வரக் காரணமானது. காசு ஆசை உள்ளவர் நல்ல ஓனராக இருக்கமுடியாது என்று நான் சொல்லவில்லை. அவரைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறேன். 2016 பிப்ரவரியில் சில டிக்கெட்டுகளை 77 பவுண்டு ஆக்கப்போகிறோம் என்றார்கள். சண்டர்லாண்டோடு ஆட்டம். 77-வது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. மீதி நேரத்தில் சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டு 2-2. சில நாளில் ஓனர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். விலை உயர்வுக்கு எதிராக எத்தனையோ மனு பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக எழுதிய மனுவைப் பார்த்ததில்லை.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை நம் புனேக்காரர்கள் வாங்கினார்களே, அவர்கள் எப்படி?
– ஜே.எம்., வேலூர்

சொல்லவே சங்கடம். கோழி வியாபாரத்தில் பெரிய பெயரான வெங்கீஸ் குடும்பம் 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அவர்களுக்கு முன்பு அந்தக் கிளப் ஜாக் வாக்கர் கையில், அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய அறக்கட்டளைவசம். வாக்கர் உள்ளூர் இரும்பு வியாபாரி, சின்ன வயதிலிருந்து அந்தக் கிளப்பின் ரசிகர். சம்பாதித்ததைக் கொட்டி, 1995-ல் பிரீமியர் லீக் பட்டத்தையே ஊருக்கு வாங்கிக்கொடுத்தார். விற்கிற நாள் என்ற எண்ணமே இல்லாத ஓனர். அபூர்வப் பிறவி.

புதியவர்கள் வந்த அடுத்த மாதமே அனுபவசாலி மேனேஜர் சாம் அல்லர்டைஸை அனுப்பினார்கள். ஆட்டக்காரர்களை உடை மாற்றும் அறையில் உட்காரவைத்து, கோழிக்கறி சாப்பிடவிட்டு விளம்பரம் எடுத்தார்கள். 2012 மே மாதம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அன்று, கிளப் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை யாரோ மைதானத்தில் விட்டார்கள். 2017-ல் மூன்றாம் பிரிவு வரை இறக்கம்.

இதில் வேடிக்கை, இந்தக் குடும்பம் கிளப்பிலிருந்து சம்பாதிக்கவில்லை. வருடா வருடம் கைக்காசைப் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் இந்தியாவிலிருந்து பணம் அனுப்பவே நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நிலை. அப்படியும் ரசிகர்கள் அவர்களை மன்னிக்கவில்லை. ஆகவே இது ஓனர் பணம் போட்டாரா எடுத்தாரா என்ற கணக்கு மட்டுமில்லை. ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்பதும் உண்டு. கிராமத்துக் கோயிலுக்குத் தேர் செய்துகொடுத்துவிட்டு, வடத்தை யார் பிடிக்கவேண்டும் என்பதையும் தானே தீர்மானித்தால் ஊர் ஒப்புமா?

கிளப்பை ரசிகர்களிடமே கொடுத்துவிட்டால் என்ன?
– டி.எஸ்., யாழ்ப்பாணம்

ஜெர்மனியில் ஏறக்குறைய அப்படித்தான். ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்கவேண்டும் என்று விதி. லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் போன்று கம்பெனிகளோடு பிறந்து வளர்ந்தவற்றுக்கு விலக்கு. 2024 தொடக்கத்தில் லீக்கின் வருமானத்தில் பங்கு தருவதாக வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரப் பார்த்தார்கள். ரசிகர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள். பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த மழை. பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

குறை என்னவென்றால், பெரும் பணக்காரன் வரமாட்டான், பேயர்ன் மியூனிக் மட்டும் ஏறக்குறைய வருடா வருடம் ஜெயித்துக்கொண்டிருக்கும். ஆனால் டிக்கெட் மலிவு, நின்று பார்க்க இடம் உண்டு. கூட்டுறவு சொசைட்டியில் பிரச்சினை இல்லாமல் இருக்குமா? ஆனால் தலைவரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம். கிளேஸரைத் தோற்கடிக்கத் தேர்தல் இல்லை.

நியூகாசில் ரசிகர்கள் சவுதி ஓனர்களைக் கொண்டாடினார்கள். அப்போது ரசிகர்களுக்கும் பணம்தானே பெரிதாயிற்று?
– எம்.ஐ., நாகூர்

குத்திவிட்டீர்கள். பதில், ஆமாம். ஆனால் அதற்கு முன் 14 வருடம் அவர்கள் பட்டதைக் கேளுங்கள். மைக் ஆஷ்லி 2007-ல் சுமார் 13.4 கோடி பவுண்டுக்கு வாங்கினார். இரண்டு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள். நூறு வருடத்துக்கு மேலான செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்குத் தன் விளையாட்டுக் கடையின் பெயரைக் கொஞ்ச காலம் வைத்தார். கிளப்புக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. 2021 அக்டோபரில் 30.5 கோடிக்கு விற்றுவிட்டுப் போனார்.

வாங்கிய கூட்டணியில் 80 சதவீதம் சவுதி அரசின் முதலீட்டு நிதி. அதன் தலைவர் இளவரசர் முகமது பின் சல்மான். சவுதி அரசை விமர்சித்த பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலை நடந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மைதான வாசலில் ரசிகர்கள் தலையில் துணி கட்டி ஆடினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்புறம் 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பை எடுத்தார்கள். உள்நாட்டுக் கோப்பை ஒன்று வந்து 70 வருடம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் கிழவர்கள் அழுதார்கள். அதைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சங்கடமும் போகவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன், நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிளப்புகள் எப்படியும் பிழைக்கும். சின்ன கிளப்பை மோசமான ஓனர் வாங்கினால் என்ன ஆகும்?
– வி.ஜி., கரூர்

மான்செஸ்டரிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெரி என்ற ஊர். அதன் கிளப் 1885-ல் தொடங்கியது, இங்கிலாந்தின் பழம்பெரும் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் கடன் சுமையோடு கைமாறியபோது விலை ஒரு பவுண்டு. நான் வாங்கிய கழுத்துத் துண்டைவிட மலிவு. வாங்கியவர், இப்படி ஒரு கிளப் இருப்பதே தமக்குத் தெரியாது என்று பிறகு வானொலியில் சொன்னார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. சம்பளம் வராமலேயே அவர்கள் ஆடி, அந்த சீசனில் மேல்பிரிவுக்கு ஏறினார்கள்.

அடுத்த சீசன் தொடங்கியும் கிளப்பை நடத்தப் பணம் இருப்பதாகக் காட்டமுடியவில்லை. லீக் நிர்வாகம் கெடு வைத்தது. 2019 ஆகஸ்ட் 27 கடைசி நாள். கடைசி நேரத்தில் யாராவது வாங்கிவிடுவார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பி, அன்று காலை நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் துணியுமாக கிக் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைப் பெருக்கினார்கள். இரவு பதினொரு மணிவாக்கில் லீக்கிலிருந்து நீக்கிய செய்தி வந்தது. ரசிகர்கள் மீட்டெடுத்த கிளப் அதே மைதானத்தில், பல பிரிவு கீழே, மறுபடி ஆடத் தொடங்கியது 2023-ல்.